ஞானப்பூ சிஸ்டரின் சாட்சி

ஞானப்பூ சிஸ்டர் போய்விட்ட செய்தியை அவருடைய தங்கை கணவர் நேரிலேயே வந்து சொன்னார். கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு கட்சிக்காரருக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். சட்டையெல்லாம் பஸ் தூசியாக அவர் என் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதினி நேத்து இறந்துட்டாங்க சார். இன்னைக்கு மத்தியானம் அடக்கம்" என்றார். ஒரு தந்தி கொடுத்திருந்தால் போதாதா, இந்த நேரத்தில் நீங்களே அலைய வேண்டுமா என்று கேட்டேன். இரண்டு பேருக்கு மட்டும் ஆள் போய்ச் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் படுக்கையில் இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தாராம். ஒன்று நான். இன்னொருவர் மணப்பாட்டில் இருக்கும் மரியரோஸ் என்ற அம்மாள். அங்கே வேறொருவர் போயிருக்கிறார் என்றார்.

தூத்துக்குடியில் சிஸ்டரை அறியாத வீடுகள் குறைவு. இதைப் படிக்கிறவர்களில் பலர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்களாக இருப்பீர்கள். ஆனால் அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் ஓர் இடம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். எனக்கு அவரைத் தெரியவந்ததே அந்த இடத்தில்தான். ஆகவே அதையே எழுதுகிறேன். இதில் வருகிற சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பெரியவர்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, தங்கையைப் படிக்கவைக்கும் பொறுப்பு மூத்தவரான இவர் தலையில் விழுந்தது. நர்ஸ் வேலைக்குப் படித்து, தூத்துக்குடியில் சபைப் பெரியவர்கள் சிலர் கமிட்டியாகச் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் காம்பவுண்டிலேயே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாட்டு. மென்மையானவர் என்று நான் சொல்ல மாட்டேன். அழுக்கு நகத்தோடு வருகிற நோயாளியை வரிசையில் எல்லார் முன்னாலும் திட்டுவார். தன் குடும்பத்துப் படிப்பைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குள் மற்றவர்களைப் பற்றிய இளக்காரமும் கொஞ்சம் இருந்தது. இதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்வார்.

புதுத் துறைமுகம் வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கல் ஏற்றிய லாரிகள் ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தன. முத்துக் குளிப்பு நின்றுபோய்ச் சங்கு குளித்துப் பிழைத்துக்கொண்டிருந்த கடற்கரை ஆட்கள் பலருக்கு அப்போது கடலுக்கடியில் கல் அடுக்கிச் சமன் செய்கிற வேலை கிடைத்தது. மணப்பாட்டுக்காரரான சூசை அப்படி வந்தவர். மூச்சடக்கிக் குளித்துப் பழகியவர், இங்கே தலையில் இரும்புக் கூட்டை மாட்டிக்கொண்டு, மேலே மிதவையிலிருந்து பம்பு அடித்துக் குழாய் வழியாக அனுப்பும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனையை மேலே ஒருவர் கையில் பிடித்திருப்பார். கீழே ஏதாவது கோளாறு என்றால் கயிற்றை இழுக்க வேண்டும். உடனே மேலே தூக்கிவிடுவார்கள். கீழே இருப்பவர் பேசுவதற்கு வேறு வழி கிடையாது.

அந்த வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர், சிஸ்டர் போகிற அதே சபையைச் சேர்ந்தவர். சபைக் கமிட்டியிலும் ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் முக்கியமானவர். அன்று அவர் வாங்கியிருந்த புது எஞ்சினுக்காக மிதவையின் மறுகோடியில் ஸ்தோத்திர ஜெபம் வைத்திருந்தார். வேலையையும் நிறுத்தவில்லை. சூசை கீழே இருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தங்கராஜ் என்பவர். அவரும் அந்தச் சபைதான். பம்பு அடிக்கிறவர்கள் தவிர எல்லாரும் வந்து நிற்கும்போது இவர் மட்டும் தள்ளி நின்றது காண்ட்ராக்டருக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டார். தங்கராஜ் கயிற்றை ஒரு கட்டையில் கட்டிவிட்டுப் போய்த் தலை குனிந்து நின்றார். ஜெபம் நீண்டது. அந்த நேரத்தில்தான் குழாய் எங்கோ மடிந்து காற்று நின்றிருக்கிறது. பம்பு அடித்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. ஜெபம் முடிந்து தங்கராஜ் திரும்பி வந்தபோது கட்டையில் கட்டியிருந்த கயிறு இறுகிக் கிடந்தது.

சூசையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. சாயங்காலம் வரை இருந்தது. ஞானப்பூ சிஸ்டர்தான் கூடவே இருந்தார். மூக்கிலும் காதிலும் வந்த இரத்தத்தைத் துடைத்தது அவர்தான். நடுவில் சூசைக்கு நினைவு வந்து, "கயித்த இழுத்தேன்மா. இழுத்துக்கிட்டே இருந்தேன். மேல ஆள் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அதையே வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். வெளியே தாழ்வாரத்தில் தங்கராஜ் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். சிஸ்டர் போய் என்ன நடந்தது என்று கேட்டபோது அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "கயித்தக் கட்டிப்போட்டுட்டு வாலே, ஜெபத்துக்கு நில்லுன்னு ஐயா சொன்னாவ சிஸ்டர். நான் என்ன செய்ய" என்றாராம்.

மறுநாளே கதை மாறிவிட்டது. சூசை குடித்துவிட்டு இறங்கினார், போதையில் குழாயைத் தானே பிடுங்கிக்கொண்டார் என்று ஆனது. ஆஸ்பத்திரி டாக்டரும் சாராய நெடி இருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சூசையின் மனைவி மரியரோஸ் என்னிடம் வந்தது அதன் பிறகு. நான் அப்போது வக்கீல் தொழிலுக்குப் புதியவன். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றுப்பாசனக் கிராமம் என் ஊர். கடலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவர் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வந்து நின்றார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "குடிச்சிட்டுச் செத்தான்னு எழுதியிருக்காவளே, அத அழிக்கச் சொல்லுங்க. மத்தது பெறகு" என்றார். மூத்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து பிழைத்தபோது, மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலில் மண்டியிட்டு, இனிக் குடிப்பதில்லை என்று சூசை நேர்ந்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு தொட்டதில்லை. ஊரார் கேலி செய்தும் தொட்டதில்லை. அந்த ஒன்றைத்தான் மனுஷன் சிரமப்பட்டுக் காப்பாற்றினார், அதையே எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் அந்த அம்மாளின் துக்கம்.

மிதவையில் இருந்தவர்களில் ஒருவரும் எங்கள் பக்கம் பேச வரவில்லை. நர்ஸ் ஒருவர் கூடவே இருந்தார் என்று மரியரோஸ் சொன்னதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குப் போனேன். சிஸ்டர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே எல்லாத் துணியையும் உலர்த்தி முடித்தார். பிறகு, தான் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னார். கோர்ட்டில் இதைச் சொல்வீர்களா என்று கேட்டபோது தன் நிலைமையைச் சொன்னார். அவருடைய வேலையும் அறையும் கமிட்டி கொடுத்தது. தங்கைக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை காண்ட்ராக்டருக்கு உறவு. இதெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். இவர் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சேலையில் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "இன்னைக்குக் கோயில்ல தங்கராஜ் எழுந்து சாட்சி சொன்னான் தம்பி" என்றார். அவர்கள் சபையில் அது வழக்கம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்வதைச் சாட்சி சொல்வது என்பார்கள். பெரிய ஆபத்திலிருந்து கர்த்தர் என்னைக் காப்பாற்றினார், என் வேலை போகாமல் காத்தார் என்று தங்கராஜ் சொன்னாராம். காண்ட்ராக்டர் முன்வரிசையில் இருந்து ஆமென் சொன்னாராம். "அதக் கேட்டுட்டு என்னால பாட முடியல. நான் வாரேன். என்னைக்குன்னு சொல்லுங்க" என்றார். வேலை போய்விடும் சிஸ்டர் என்று எச்சரித்தேன். "அது எனக்குத் தெரியாதா? நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்று வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

விசாரணை நாளில் காண்ட்ராக்டரின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறினார்கள். எல்லாரும் கடவுளைச் சாட்சியாக வைத்தே ஆரம்பித்தார்கள். கயிறு ஆள் கையில்தான் இருந்தது என்றார்கள். ஜெபம் நடந்ததா என்று நான் கேட்டேன். நடந்தது, ஆனால் அது வேலைக்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். தங்கராஜ் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிற்பாடு பல வழக்குகளில் பார்த்துவிட்டேன். இப்போது ஆச்சரியமில்லை.

பிறகு சிஸ்டர் ஏறினார். சூசை சொன்னதையும் தங்கராஜ் சொன்னதையும் அப்படியே சொன்னார். சூசையிடம் சாராய நெடி இல்லை என்றும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், கெட்டிக்காரர். சாராய நெடி இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"குனிஞ்சு மோந்து பாத்தேன்" என்றார் சிஸ்டர்.

"வருகிற நோயாளிகள் எல்லாரையும் அப்படித்தான் முகர்ந்து பார்ப்பீர்களா?"

"இல்ல."

"பிறகு இவரை மட்டும் ஏன்?"

"கடற்கரை ஆளுங்கன்னா குடிச்சிட்டுத்தான் கெடப்பாங்கன்னு எங்க வீட்டுல சொல்லி வளத்தாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். இவரும் குடிச்சிருப்பாருன்னு நெனச்சுத்தான் குனிஞ்சேன். நெடி இல்ல. அதனாலதான் உறுதியாச் சொல்லுதேன்."

பின்னால் பெஞ்சில் மரியரோஸ் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவரைப் பார்த்தபடிதான் இதைச் சொன்னார். அந்த வக்கீலின் அடுத்த கேள்வி மோசமானதாக வந்தது. இறந்துபோனவருக்கும் உங்களுக்கும் முன்பே பழக்கம் உண்டா என்று கேட்டார். சபையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களில் இரண்டொருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் எழுந்து ஆட்சேபிப்பதற்குள் சிஸ்டர் பதில் சொல்லிவிட்டார். "உண்டு. கொண்டுவந்து போட்டதுலேருந்து உசிரு போற வரைக்கும் பழக்கம்."

நாங்கள் தோற்றோம். அத்தனை பேர் ஒன்றாகச் சொல்வதற்கும் டாக்டர் எழுதியதற்கும் எதிராக ஒரு நர்ஸின் பேச்சு நிற்கவில்லை. மெட்ராஸ் வரை போகலாம் என்று மரியரோஸிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய ஊர்ப் பெரியவர்கள் அதற்குள் அவரிடம் பேசியிருந்தார்கள். அவர்களில் சிலர் அதே காண்ட்ராக்டருக்குத் தோணிகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். சிலுவைக் கோயில் திருவிழாவில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறவர்கள்தான் அவர்களும். "எங்கயும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் மணப்பாட்டுக்குப் போனார்.

சிஸ்டரின் வேலையை அவர்கள் உடனே பறிக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து, ஆட்குறைப்பு என்று காரணம் சொல்லி அனுப்பினார்கள். அறையைக் காலி செய்தபோது கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து மாலை போட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். தங்கையின் கல்யாணம் நின்றது. நின்றதற்கு மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம், கர்த்தருடைய சித்தம் அப்படியில்லை என்பது. தங்கை அக்காவோடு வெகுநாள் பேசவில்லை. பேசியபோது, "ஒனக்கு ஒன் சத்தியம் பெருசு, நான் பெருசில்ல" என்றாளாம். பல வருஷம் கழித்து வேறு நல்ல இடத்தில் அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கை அமைந்தது. மரத்தடியில் வந்து நின்றவர்தான் அந்த மாப்பிள்ளை. ஆனாலும் நடுவில் போன வருஷங்கள் போனவைதான். அதைப் பற்றிக் கேட்டால் சிஸ்டரின் முகம் கறுத்துவிடும்.

உப்பளத்துப் பக்கம் சின்ன வாடகை வீடு பார்த்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஊசி போட்டும் கட்டுக் கட்டியும் பிழைத்தார். அந்த வெள்ளை வெயிலில் குடையோடு அவர் நடந்து போவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்த்திருக்க முடியாதது, கோயிலுக்குள் நடந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. பாடகர் குழுவில், உங்களுக்கு ஓய்வு வேண்டும் சிஸ்டர் என்றார்கள். அவர் உட்காரும் பெஞ்சிலிருந்து மற்றவர்கள் மெல்ல மெல்ல வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். திருவிருந்துக்கு மண்டியிடும்போது அவருக்கு இரு பக்கமும் இடம் கிடந்தது. வெளியே வந்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சிஸ்டர் என்பார்கள். "உள்ள எல்லாரும் நல்லவங்கதான் தம்பி. வெளிய வந்து செருப்ப மாட்டும்போதுதான் யாரு யாருன்னு தெரியும்" என்று ஒருமுறை சொன்னார்.

ஜெபத்தின்போது அவர் கண்ணை மூடுவதில்லை என்பது பெரிய குறையாகப் பேசப்பட்டது. குருவானவரை அவர்கள் ஐயர் என்பார்கள். ஐயர் அவரைக் கூப்பிட்டு, இது பார்க்கிறவர்களுக்கு இடறலாக இருக்கிறது, காண்ட்ராக்டரோடு ஒப்புரவாகிவிடுங்கள், சபையின் பெயரும் காப்பாற்றப்படும் என்று சொன்னாராம். "கண்ண மூடிட்டு நின்ன நேரத்துலதான் ஐயரே, அந்த மனுஷன் கயித்த இழுத்தாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஐயர் நல்ல மனிதர். அதன் பிறகு அவரை வற்புறுத்தவில்லை. காண்ட்ராக்டரையும் எதுவும் கேட்கவில்லை.

தங்கராஜுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. தினமும் ஊசி போட வேண்டும். பக்கத்தில் ஊசி போடத் தெரிந்தவர் சிஸ்டர்தான். அவருடைய மனைவி வந்து கூப்பிட்டபோது சிஸ்டர் போனார். நாள்தோறும் போனார். ஒருநாள் ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது தங்கராஜ் அழ ஆரம்பித்து, என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். "ஊசி போடுதது என் வேல. மன்னிக்கிறது மரியரோஸ் வேல. மணப்பாட்டுக்குப் பஸ் இருக்கு" என்றிருக்கிறார் சிஸ்டர். தங்கராஜ் போகவில்லை. சில வருஷங்களில் அவர் சபையில் மூப்பரானார்.

அந்த வீட்டுக்கு எப்படி உங்களால் போக முடிகிறது என்று அவரிடம் கேட்டேன். உயர்வாக ஏதோ சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"பிடிச்சா போறேன்னு நெனச்சீங்க? அவன் கையப் பிடிக்கும்போதெல்லாம், கயித்த விட்ட கை இதுதான்னு தோணும். பெறகு சதை எங்கன இருக்குன்னு பாத்து ஊசியப் போட்டுட்டு வந்துருவேன்" என்றார்.

கடைசியாக இருதயக் கோளாறு முற்றியதும் தங்கை வந்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். சகோதரிகள் இருவரும் அந்தச் சில மாதங்களில் பேசித் தீர்த்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அடக்கத்துக்கு நான் போனபோது தங்கை பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தூத்துக்குடியிலிருந்து காண்ட்ராக்டர் காரில் வந்திருந்தார். இப்போது கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். கல்லறையருகே அவரைப் பேசச் சொன்னார்கள். எங்கள் அன்புச் சகோதரி, விசுவாசத்தில் உறுதியானவர், ஆஸ்பத்திரியில் அவர் செய்த ஊழியத்தைக் கர்த்தர் அறிவார் என்று பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை என்றே எனக்குப் பட்டது. அதுதான் என்னை அதிகம் கலங்கவைத்தது. ஒரு மனிதர் அப்படிச் செய்துவிட்டு, இப்படி அழவும் முடியும் என்பதை என் மனம் அன்று ஏற்க மறுத்தது. இன்றும் மறுக்கிறது.

கூட்டத்துக்குப் பின்னால், பனைமரத்து நிழலில், கறுத்து மெலிந்த ஓர் அம்மாள் ஜெபமாலையோடு நின்றிருந்தார். அவர் யார் என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. எனக்குமே சற்று நேரம் பிடித்தது. மரியரோஸ். எல்லாரும் கலைந்த பிறகு குழிமேட்டுக்குப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தார். பஸ் நிற்கும் இடம் வரை சேர்ந்து நடந்தோம்.

"வருசா வருசம் அவிய செத்த நாளுக்குச் சிஸ்டர் மணப்பாட்டுக்கு வருவாவ. வந்து சும்மா உக்காந்திருப்பாவ. சாயங்காலம் போயிருவாவ" என்றார். முதல் வருஷம் வந்தபோது, எதுக்கு வந்தீய என்று இவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். "'எங்க ஆளுங்கதான் ஒன் மாப்பிள்ளய சாகவிட்டாங்க. எங்க ஆளுங்கதான் பொய்ச் சத்தியம் பண்ணாங்க. அதச் சொல்ல வந்தேன்'னாவ. நீங்க பண்ணலியே, உள்ளதத்தான சொன்னீயன்னேன். 'நான் சொன்னேன். ஆனா அவங்க எங்க ஆளுங்க'ன்னாவ. உள்ள வந்து உக்காருங்கன்னேன்."

இதைக் கேட்ட பிறகுதான், சிஸ்டர் என்னிடம் சொன்ன ஒன்று எனக்கு முழுசாக விளங்கியது. ஒருமுறை பேச்சுவாக்கில் என் ஊரைப் பற்றிக் கேட்டார். எங்கள் பெருமாள் கோயிலைப் பற்றியும், மார்கழியில் தெருவே கூடிப் பாடுவதைப் பற்றியும் சொன்னேன். வயலில் உழைக்கிறவர்கள் வீட்டில் சாவு விழுந்தால், தேர் ஓடும் தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதையும், வயலுக்குள் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் சொன்னேன். அவங்க அப்படித்தான் சிஸ்டர், மாறமாட்டாங்க என்றேன்.

"அவங்கன்னா யாரு தம்பி?"

"ஊர்க்காரங்க."

"ஒங்க அப்பா?"

அப்பா கோயில் தர்மகர்த்தாக்களில் ஒருவர் என்றேன்.

"அப்பொ ஏன் அவங்கன்னு சொல்லுதீங்க? அவங்கன்னு சொன்னா லேசா இருக்கும். கையக் கழுவிட்டு வந்துரலாம். எனக்கும் அது தெரியும். வேற கோயிலுக்குப் போயிருந்தா நானும் அவங்கன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். ஆனா அங்க ஞானஸ்நானம் வாங்கினவ நான். நாங்கன்னுதான் சொல்லணும்" என்றார். அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

சிஸ்டரை அடக்கம் செய்த சில வாரங்களுக்குள் எங்கள் ஊரில் ஒரு சாவு. எங்கள் குடும்பத்து வயலிலேயே ஆயுள் முழுக்க உழைத்த கிழவர். நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த நேரம். பிள்ளைகள் வந்து, இந்த ஒரு தடவை தெரு வழியாகத் தூக்கிப் போகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முழங்காலுக்கு மேல் சேறு. பாடை சரிந்து பிணம் சேற்றில் விழுந்தது. கோயிலில் அன்று விசேஷம். நாதஸ்வரம் வயல்வரை கேட்டிருக்கிறது.

பிள்ளைகள் மனுக் கொடுத்ததில் தாசில்தார் விசாரிக்க வந்தார். யாரும் தடுக்கவில்லை, அது சுருக்குவழி என்று அவர்களாகத்தான் வயலில் இறங்கினார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நெற்றியில் நாமத்தோடு, கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். என் தகப்பனாரும் சொன்னார். படித்தவன், வக்கீல் என்பதால், அன்று ஊருக்குப் போயிருந்த என்னிடமும் கேட்டார் தாசில்தார். உங்களுக்குத் தெரிந்து யாராவது தடுத்தார்களா?

"தடுத்தோம்" என்றேன்.

"யார்?"

"நாங்கள்."

அதன் பிறகு அப்பா என்னோடு பேசுவதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. முடிந்து என்ன ஆகும் என்பதைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. நம்பிக்கை வைத்துச் சிஸ்டரும் கூண்டில் ஏறவில்லை. அவருடைய மதம் எனக்கு இல்லை. என் மதத்திலும் எனக்கு இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஞானப்பூ சிஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வைத்திருப்பது 'நாங்கள்' என்கிற ஒரு சொல்லை மட்டும்தான். சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. லேசாக இல்லை.